கரித்துணி மாட்டிய சுவிட்ச்

12 பிப்ரவரி 1989, ஞாயிறு

ஓவன் வந்துவிட்டது. என் மனைவி பட்டு மூன்று வருஷம் ஊராருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துச் சேர்த்து வாங்கினது. வட்டமான அலுமினியப் பெட்டி, மூடியில் கண்ணாடி, அடியில் சுருள் சுருளாகச் சூடேற்றும் காயில். பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பதினாறு வருஷமாகத் தாம்பரம் ஷெட்டில் மின்சார ரயிலுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். இருபத்தைந்தாயிரம் வோல்ட்! இது பொம்மை.

சமையலறைப் பெரிய பிளக்கின் சுவிட்சில்தான் கரித்துணி மாட்டுவது எங்கள் வழக்கம். பட்டு அதை எடுத்து வேறு ஆணியில் மாட்டினாள். ஓவனுக்குக் குங்குமம் வைத்தாள், கும்பிட்டாள், சுவிட்சைப் போட்டாள். அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருக்கிறது.

"பிளக்ல கரண்ட் வருதான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள்.

யாரிடம் என்ன பேசுகிறாள்? இந்த வீட்டு ஒயரிங் முழுக்க என் கையால் போட்டது. எட்டு வருஷத்தில் ஒரு ஃபியூஸ் போயிருக்குமா? (இரண்டு தடவை போனது. அது எலி.) காயில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

13 பிப்ரவரி, திங்கள்

விஷயம் இப்போதுதான் வெளியே வருகிறது. அடுத்த தெரு சாஜிதாவின் மகளுக்கு மார்ச் ஐந்தாம் தேதி பிறந்தநாள். நாற்பது பேருக்குக் கேக் செய்து தருவதாகப் பட்டு ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளுடைய முதல் ஆர்டர்.

குனிந்து குனிந்து தைத்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது. ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுகிறாள். கேக் ஓடிவிட்டால் மிஷினை மூடிவிடலாம் என்று நினைப்பு. "முதல் ஆர்டரே கெட்டுப்போச்சுன்னா அப்புறம் யாருங்க என்னை நம்புவாங்க?" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன். சொல்லியாகிவிட்டது.

15 பிப்ரவரி, புதன்

தாம்பரத்துக் கடையில் இருந்த ஒரே காயிலை வாங்கி மாற்றினேன். சூடாகவில்லை.

16 பிப்ரவரி, வியாழன்

இன்னொரு காயில் வாங்கப் போனேன். எங்கள் பீர்க்கன்கரணையில் எலக்ட்ரிக் கடை என்றால் சௌகத் அலி கடைதான். அவர்தான் சாஜிதாவின் வீட்டுக்காரர். ஓவன் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் ஆர்டர் போச்சு. ஆகவே ஷெட்டுக்கு என்று சொன்னேன்.

"ஓவன் காயில் ஷெட்டுக்கு எதுக்குண்ணா? ரயிலுக்குள்ள கேக்கு சுடப் போறீங்களா?"

"டெஸ்டிங்" என்றேன். மனுஷன் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அதுவும் சூடாகவில்லை.

18 பிப்ரவரி, சனி

ஓவனைச் சைக்கிள் கேரியரில் கட்டி ஷெட்டுக்கே கொண்டுபோனேன். என்னோடு வேலை பார்க்கும் துளசிங்கம் பிளக்கில் செருகினான். ஐந்தே நிமிஷம். கை வைக்க முடியவில்லை!

"இன்னாண்ணா, சூப்பரா கீதே! இதப் போயி ரிப்பேர்ன்றியே" என்று சொல்லிக்கொண்டே காலையில் வாங்கின வடையை உள்ளே வைத்துச் சூடாக்கித் தின்றான்.

சாயந்திரம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பட்டு சுவிட்சைப் போட்டாள். நான் ஒரு சினிமா டைரக்டர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம் நின்றேன். ஜில்.

20 பிப்ரவரி, திங்கள்

யோசித்துப் பார்த்தேன். ஷெட்டில் சூடாகிறது, வீட்டில் ஆகவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? வழியில் ஏதோ ஆகிறது! ஏரிக்கரைப் பள்ளத்தில் சைக்கிள் தூக்கிப் போடுகிற குலுக்கலில் காயில் விலகுகிறது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

"வூட்ல கரண்ட் வருதானு பாத்தியாண்ணா?" என்று துளசிங்கம் கேட்டான். நேற்றுச் சேர்ந்த பயல்.

21 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் ஓவனை மறுபடி ஷெட்டுக்கு எடுத்துப்போனேன்; அங்கே சூடாகியது. சாயந்திரம் குலுங்கக் கூடாது என்று அதைப் போர்வையில் சுற்றி, மார்போடு அணைத்து, ஷெட்டிலிருந்து ரயிலில் கொண்டுவந்தேன். பெட்டியில் கூட்டம். காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன் ஒருவன் எழுந்து, "குழந்தையோட நிக்கிறீங்களே, உக்காருங்க சார்" என்றான். உட்கார்ந்தேன். பெருங்களத்தூர் வருவதற்குள் போர்வை விலகிவிட்டது. அவன் என் முகத்தையும் ஓவனையும் மாறி மாறிப் பார்த்தான்.

வீட்டில் வைத்தேன். சூடாகவில்லை. ஒரு பொட்டுக்கூடக் குலுங்கவில்லையே!

23 பிப்ரவரி, வியாழன்

மறுபடி ஷெட். மறுபடி அனல். இப்போது பதினோரு பேர் டிபன் பாக்ஸ் அதற்குள் போய் வருகிறது. ஓவன் ஷெட்டுக்கே இருந்துவிடட்டும் என்று ஒருவன் கையெழுத்து வாங்குகிறான். முதல் கையெழுத்து துளசிங்கம். சாயந்திரம் ஓவனை வீட்டுக்குத் தூக்கிவந்தேன்; ஜில்.

24 பிப்ரவரி, வெள்ளி

எனக்கு நானே உண்மையை எழுதிக்கொள்கிறேன். டெஸ்டர் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பிளக்கில் வைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் பட்டு இருபத்து நாலு மணி நேரமும் சமையலறையில்தான் இருக்கிறாள். அவள் கண் முன்னால் வைத்தால் அவள் சொன்னதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். எப்படியும் கரண்ட் இருக்கத்தான் போகிறது. பிறகு எதற்கு வீண் வேலை?

26 பிப்ரவரி, ஞாயிறு

பட்டு கேக் பேச்சையே எடுப்பதில்லை. நேற்று புதிதாகத் தைக்க ஆறு ஜாக்கெட் துணி வாங்கி வைத்திருக்கிறாள்.

1 மார்ச், புதன்

"சாஜிதாகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். கடைசி நேரத்துல சொன்னா பாவம், அவங்க எங்க போவாங்க?" என்றாள்.

சனிக்கிழமை வரை பொறு என்றேன்.

"அந்தப் பிளக்ல இதுவரைக்கும் நாம ஒண்ணுமே செருகினது இல்லைங்க."

கத்திவிட்டேன். உனக்கு என்னடி தெரியும் கரண்டைப் பத்தி, வாயை மூடிக்கிட்டு இரு என்று. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அவள் போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஊசிக்கு நூல் கோர்க்க என்னைக் கூப்பிடவில்லை. அவளே கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோர்த்தாள், எத்தனை தடவை தவறினதோ! நான் ஏன் இப்படி?

4 மார்ச், சனி

காலையில் பட்டு திருநீர்மலைக்குப் போனாள். நாளைக்குக் கேக். பெருமாளிடம்தான் சொல்ல முடியும், வீட்டில் சொல்லிப் பயனில்லை என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அவள் வருவதற்குள் இந்த வழக்கை முடித்துவிட வேண்டும் என்று 1981 டைரியைத் தேடி எடுத்தேன். வீடு கட்டினபோது எந்தப் பாயின்டுக்கு என்ன ஒயர் என்று தினமும் எழுதி வைத்திருக்கிறேன். அதை அவள் மூக்கின் முன்னால் நீட்டலாம் என்று எண்ணம்.

அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன்:

"30 ஜனவரி 1981, வெள்ளி. கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. பால் நன்றாகப் பொங்கியது. சமையலறைப் பெரிய பிளக்குக்கு மட்டும் ஒயர் இழுக்க நேரமில்லை. முகூர்த்தத்தைத் தள்ள முடியுமா? வருகிறவர்கள் கண்ணுக்குச் சுவர் மூளியாகத் தெரியக் கூடாது என்று சுவிட்சையும் பிளக்கையும் சும்மா மாட்டிவிட்டேன். வரும் ஞாயிறு ஒயர் இழுக்கணும். பட்டு கேட்டுப் போட்ட பிளக் அது. எதுக்குடி என்றேன். என்றைக்காவது ஒரு ஓவன் வாங்குவாளாம், கேக் செய்வாளாம். நன்றாகச் சிரித்தேன்."

என் கையெழுத்து. என் பேனா.

அடப்பாவி! எட்டு வருஷமா அதுல கரித்துணி மாட்டிக்கிட்டிருந்தாளேடா. கரித்துணி மாட்டத்தான் அந்த சுவிட்ச் லாயக்கு, வேறே ஒண்ணுக்கும் இல்லே!

பிளக்கைக் கழற்றினேன். உள்ளே ஒரு கரப்பான். ஸ்க்ரூ இரண்டும் வாங்கினபடி பளபளவென்று இருந்தன. சௌகத் அலி கடைக்கு ஓடினேன்.

"ஒயரும் ஷெட்டுக்காண்ணா?" என்றார்.

"இல்ல பாய். என் வீட்டுக்குத்தான். எட்டு வருஷம் லேட்டு" என்றேன்.

நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. டெஸ்டர் வைத்தேன். எரிந்தது. ஓவனைப் போட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

லூஸ் கான்டாக்ட், சரி பண்ணிட்டேன் — இதுதான் சொல்வதாக இருந்தது. மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன். பட்டு வந்தாள், கையில் துளசி. சமையலறையில் அடித்த சூட்டைப் பார்த்து அப்படியே நின்றாள். மூடியில் கை வைத்துச் சுட்டுக்கொண்டாள். அப்போது அவள் சிரித்த சிரிப்பு... டைரியைக் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். திட்டுவாள், அழுவாள் என்று நின்றேன். தலையை நிமிர்த்தி, "வரும் ஞாயிறுன்னு போட்டிருக்கீங்களே, எந்த வருஷத்து ஞாயிறு?" என்றாள்.

"என்னை மன்னிச்சிடு பட்டு" என்றேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முட்டை உடைக்க வாங்க."

இருபத்து நாலு முட்டை உடைத்தேன்.

5 மார்ச், ஞாயிறு

கேக் நன்றாக எழும்பியது. பிறந்தநாள் பெண்ணுக்குப் பெரிய துண்டு, எனக்கு ஓரத்துத் துண்டு. சௌகத் அலி எல்லார் முன்னாலும், "அண்ணாகிட்ட கேளுங்க, ரயில்லயும் கேக்கு சுடுவாரு" என்றார். சாஜிதாவின் அக்காள் பெருநாளுக்கு இரண்டு கேக் சொல்லியிருக்கிறாள்.

6 மார்ச், திங்கள்

ஓவன் இனி வராது என்று ஷெட்டில் சொன்னேன். துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவனாக வந்து கேட்டுப் போனான். "வூட்ல கரண்ட் வந்துருச்சாண்ணா?" என்று துளசிங்கம் கேட்டான். வந்துருச்சுப்பா என்றேன்.

2 ஜூலை, ஞாயிறு

தையல் மிஷின் மேல் இப்போது மைதா டின் இருக்கிறது. காலையில் பட்டு, ஹாலிலும் பெரிய பிளக் ஒன்று வேண்டும் என்றாள். டிபனுக்கு முன்பே சுவரில் கோடு போட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குள் ஒயர் இழுத்து, டெஸ்டர் வைத்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை.