ஐஸ் பெட்டியில் வைத்த பாட்டில்

பாப்பா அப்பாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் இதைச் சோற்றுத் தூக்கில் வைத்துத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். வீட்டுக்கு வராமல் படகிலேயே படுத்துக் கிடந்தால் ஆயிற்றா?

டாக்டரம்மா உங்களைத் திட்டவில்லை. "கட்டியிலேருந்து எடுத்த சதை கெடாம இருக்கத்தாம்மா பாட்டில்ல மருந்து ஊத்துறோம். ஒங்க வீட்டுக்காரரு அதக் கொட்டிட்டு ஐஸ்ல வச்சிட்டாரு. இனி அது நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு பாக்க முடியாது. மறுபடி எடுக்கணும்" என்றார், அவ்வளவுதான்.

உங்களுக்கு எப்படித் தெரியும்? கெடாமல் இருக்க மருந்து போட்ட மீனை மோந்தே தூக்கி எறிகிறவர். லேப் சாத்தியிருக்கிறதே என்று, அங்கே கொடுக்க வேண்டிய பாட்டிலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்த் திறந்திருக்கிறீர்கள். அதே நாற்றம். "எம் பொண்டாட்டி சதையில எவண்டா மருந்து ஊத்துனது?" என்று கத்தினீர்களாம். உங்கள் தம்பி சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டி கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. குளிக்கும்போது அந்தப் பக்கம் கையே போக மாட்டேன் என்கிறது.

"ஊசி பட்டா பரவிடும், வேணாண்டி" என்கிறார் உங்கள் அக்கா. அப்படியெல்லாம் பரவாது என்கிறார் டாக்டரம்மா. நீங்கள் பக்கத்தில் இருந்தால் நான் டாக்டரம்மாவை நம்புவேன்.

மீனை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். ஆக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை மறுபடி எடுக்கிறார்கள். இந்தத் தடவை பாட்டிலை ஆஸ்பத்திரி ஆளே கொண்டுபோவார் என்றார் நர்ஸ். வேண்டாம், என் வீட்டுக்காரர் வருவார், அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நாறினாலும் திறக்காதீர்கள்.

பாப்பா அம்மா