மூலை முடிச்சு

வீட்டு எஜமானிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா, அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று எழுது.

கட்டில் பின்னுமுன் நீ நாடாவைக் கையால் உருவிப் பார்ப்பதுபோல, கிரேனில் பாரம் தூக்கும் பட்டையை நானும் உருவிப் பார்த்துத்தான் மாட்டுவேன். போன வாரம் ஒன்றில் தையல் விட்டிருந்தது. மாட்டமாட்டேன் என்றேன்.

“ஏம்ப்பா, கட்டிலா பின்னப் போறே?” என்று சிரித்த மேஸ்திரி, தானே அதை மாட்டி, பாரத்தை ஓரடி மட்டும் தூக்கச் சொன்னார். படக்கென்று அறுந்தது. பயப்படாதே, கீழே யாரும் இல்லை. இப்போது என் கை படாமல் ஒரு பட்டையும் மேலே போகாது.

கழித்த பட்டைகளில் மெய்யாகவே ஒரு கட்டில் பின்னிவிட்டேன். படுத்தால் நடுவில் தொங்குகிறது. மூலை முடிச்சை நீ எப்படி இறுக்குகிறாய்? போட்டோ அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. முடிச்சை மட்டும் எடுக்காதே. உன் கையும் படத்தில் இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்