உயிரோடிருக்கிறவர்களின் பக்கம்

அன்றைக்கு என் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: கோயில் காரியம் பார்க்கிற என் அண்ணன் சவிரிமுத்து மூப்பர், அவர் பெண்சாதி திரேசம்மா, கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்த அவர்களின் மகள் ஜெசிந்தா, இடுப்பில் கைப்பிள்ளையோடு என் மகள் புஸ்பம், கதை கேட்கவென்றே வந்து குந்தியிருந்த பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளையர், நான். நடுவில், கப்பலில் இருந்து லீவில் வந்த நீ. நேற்று ஆத்துமாக்கள் திருநாள். சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், உனக்கு ஒன்றும் என் மகன் அன்ரனுக்கு ஒன்றுமாக மெழுகுதிரி கொளுத்திவிட்டு நின்றேன். மெழுகு உருகிய மணத்தில் அந்த ஏழு பேரும் இருந்த இடமும் இருந்த விதமும் அப்படியே வந்துவிட்டது. யார் எந்தக் கதிரையில் இருந்தது என்று கேட்டாலும் சொல்லுவேன்.

நீ எனக்கு இரத்த உறவு இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பிறந்து, என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். அன்ரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அரும்பு மீசையோடு அவனைத் தூக்கிப் பிடித்த ஞானத்தகப்பன் நீ. பிறகு அவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வெளிநாட்டுக் கப்பலில் குசினி வேலைக்கு ஏற்றிவிட்டவனும் நீதான். அதற்காக உன்னை ஒரு நாளும் நான் கோபித்ததில்லை. அவன் தகப்பனைக் கடல் கொண்டுபோன பிறகு, முல்லைத்தீவுக் கரையில் அவனும் வலை இழுத்து நிற்பதற்கு எனக்கு மனமில்லை.

கலவரச் செய்தி றேடியோவில் வந்தபோது அவனுடைய கப்பல் பிரேசிலில் நின்றது. திரும்பி வந்தால் கொழும்பைத் தாண்டி வீடு சேரமாட்டேன் என்று பயந்து அங்கேயே இறங்கிவிட்டான். ஆற்றோரமாக உள்ளே போனால் புளுமெனாவு என்று ஒரு ஊர், அந்தக் காலத்தில் ஜேர்மன்காரர் வந்து கட்டினது, துணி மில்லில் வேலை கிடைத்தது, ஒரு ஜேர்மன் கிழவி வீட்டில் அறை எடுத்திருக்கிறேன் என்று எழுதினான். மூன்று கடிதம் வந்தது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புஸ்பம் வாசிக்கக் கேட்டுக் கேட்டு மூன்றும் எனக்குப் பாடமாகிவிட்டது. அடுத்த வருடம் ஆடி மாதத்தோடு கடிதம் நின்றது.

உன் கப்பல் அந்தப் பக்கம் போகிறது என்று அறிந்த அன்றே கடைசிக் கடிதத்தின் உறையை உன் கையில் தந்தேன்.

"துறைமுகத்தில இருந்து பஸ்ஸில போற தூரம்தானாம் அக்கா. ஒரு நாள் லீவு கேட்டுப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்றாய்.

"பாத்தால் மட்டும் காணாது. அவன்ர தலையை ஒருக்காத் தடவிப்போட்டு வா" என்றேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்தாய். அண்ணன் முன்னால், நீ பின்னால். நீ கதிரையில் இருக்க முன்னமே அண்ணன் சொன்னார்: "அன்ரன் சுகமாய் இருக்கிறான். இவன் போய்க் கண்டவனாம்." நான் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லடா தம்பி" என்றேன்.

நீ ஊரைச் சொன்னாய். வீடுகளைச் சொன்னாய். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் மறுக்குமாக ஓடுகிறதைச் சொன்னாய். கூரையெல்லாம் கவிழ்த்து வைத்த வள்ளம் மாதிரிச் சரிவு.

"அவையின்ர நாட்டில பனி வழுக்கி விழுறதுக்கு அப்பிடிக் கட்டுறவையாம். அந்த ஊரில பனியே இல்லை அக்கா. கூரைக்குப் பக்கத்தில வாழைமரம் நிக்குது. எங்களைப் போலதான் வேர்த்து ஒழுகுது."

ஒரு தெருவில் இரண்டு பக்கமும் பனையைவிட உயரமாக ஒரு மரம் வரிசைக்கு நிற்கிறது, ஆனால் நுங்கு இல்லை என்றாய்.

"கள்ளு?" என்று நீக்கிலாப்பிள்ளையர் கேட்டார்.

"அதுவும் இல்லை அண்ணை. ஊர் முழுக்கப் பியர்தான்."

"நுங்கும் இல்லை, கள்ளும் இல்லை. பிறகு ஏன் அது அவ்வளவு உசரத்துக்கு நிக்குது?"

"உங்களுக்கு அது ஒண்டுதான் நினைப்பு" என்று திரேசம்மா அவரை அதட்டினாள். அதட்டிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அங்கே கதிரைக்குக் கதேரா என்கிறார்கள், சப்பாத்து, குசினி, அலுமாரி எல்லாம் கிட்டமுட்ட எங்கள் சொல்தான், போர்த்துக்கேயப் பறங்கி இங்கே விட்டுவிட்டுப் போனதை அங்கேயும் விட்டிருக்கிறான் என்று சொன்னாய். "அப்ப அன்ரன் மச்சானுக்குப் பாசைக் கரைச்சல் இல்லை" என்றாள் ஜெசிந்தா. நீ அவளைப் பார்த்தாய்.

"மெலிஞ்சு போனானோ?" என்று நான் கேட்டேன். நீ ஆற்றுக்கு மேலால் போகிற இரும்புப் பாலத்தைச் சொன்னாய்.

"உன்னோட இருந்து என்ன சாப்பிட்டவன்?" நீ வாழைப்பழம் வைத்துச் சுடுகிற ஒரு கேக்கைச் சொன்னாய். ஜேர்மன் கிழவிகள் அதைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைக்கிற விதத்தைச் சொன்னாய்.

"எனக்கு என்ன சொல்லிவிட்டவன்?"

உன் கையில் தேத்தண்ணி தளம்பியது. கோப்பையைக் கீழே வைத்தாய். அண்ணன் இடையில் விழுந்தார். "பெடியன் வேலைக்குப் போற அவசரத்தில நிண்டவனாம். பிறகு எழுதுவான். நீ முதல்ல இவனைச் சாப்பிட விடு."

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். அன்றைக்கு நண்டுக்கறி. நீ ஒரு காலைக்கூட உடைக்கவில்லை. கப்பல் சாப்பாட்டில் நாக்குக் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். ஊரை அவ்வளவு சொன்னவன் பிள்ளையைச் சொல்லவில்லையே என்று அப்போது எனக்குப் படவில்லை. படாமல் போனதற்கு என்னை நானே எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன்.

எட்டாம் நாள் கல்யாணம். நான் மஞ்சள் சேலை கட்டினேன். ஜெசிந்தாவின் தலைக்கு முக்காடு பிடித்துவிட்டவள் நான், பந்தியில் நின்று பரிமாறினவள் நான், நீக்கிலாப்பிள்ளையர் பாடினபோது கைதட்டினவள் நான். நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அந்தக் கிழமையே கப்பலுக்குப் போய்விட்டாய்.

எங்கள் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் கிழமை மூப்பரான அண்ணன் கொப்பியோடு வீடு வீடாக வருவார். கொப்பியை விரித்தால் இடப்பக்கம் உயிரோடிருக்கிறவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள். இடப்பக்கத்துப் பேர்களைச் சுகத்துக்காகவும், வலப்பக்கத்துப் பேர்களை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்து கரையேறுவதற்காகவும் பூசையில் வாசிப்பார்கள். வலப்பக்கத்துக்கு நான் என் அம்மா, அப்பு, மனிசன் பேர்களைச் சொல்லுவேன்.

"இந்தப் பக்கத்தில ஆர் தங்கச்சி?"

"புஸ்பம், மருமகன், பேரப்பிள்ளையள். அன்ரனையும் போடுங்கோ அண்ணை. தூரத்தில இருக்கிறவன்."

அவர் எழுதுவார். எனக்கு வாசிப்பு மட்டு. என்றாலும் அன்ரன் என்ற பேரின் உருவம் தெரியும். மூன்று வருடம், மூன்று தரம், அவர் பக்கத்தில் நின்று அந்த உருவம் வருகிறதைப் பார்த்திருந்தேன்.

மூன்றாம் வருடம் நீ கப்பலை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாய். இந்திய ஆமி வந்த வருடம். நீ வந்து ஒரு கிழமையாகியும் என் படலையைத் திறக்கவில்லை. பூசையில் உயிரோடிருக்கிறவர்களோடு அன்ரனின் பேரை வாசித்தபோது, ஆம்பிளைகள் பக்கத்தில் இருந்த நீ எழும்பி வெளியே போனாய். அடுத்த நாள் காலை நான் பாயில் மீன் காயப்போட்டுக்கொண்டு இருந்தேன். நீ வந்து முன்னால் குந்தினாய்.

"அக்கா, அவன்ர பேரை அந்தப் பக்கத்தில எழுத விடாதேங்கோ."

"எந்தப் பக்கத்தில?"

"உயிரோட இருக்கிற பக்கத்தில."

கையில் இருந்த மீனை நான் கீழே வைக்கவில்லை. "சொல்லு" என்றேன்.

இந்த முறை ஊரைக் குறைத்துச் சொன்னாய். பஸ்ஸால் இறங்கி அந்த உயர்ந்த மரத்தெருவால் நடந்தபோது, வீட்டுச் சுவர்களில் உன் தலைக்கு மேலே ஒரு சேற்றுக்கோடு, ஊரைச் சுற்றிக் கயிறு கட்டினது மாதிரி ஓடியதாம். உறையைக் கண்டதும் கிழவி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். பக்கத்து வீட்டுப் பெட்டை ஒருத்தி தெரிந்த இங்கிலீசில் உனக்குச் சொன்னாளாம். ஆவணியில் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. அன்ரன் கிழவியை முதுகில் சுமந்து மேல்தட்டில் விட்டான். அடுத்த வீட்டில் ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டுத் திரும்ப இறங்கினான்.

"கடலில நீந்தினவன்தானே அக்கா. ஆத்தை அவன் மதிக்கேல்லை."

நாலாம் நாள் இரும்புப் பாலத்துக்குக் கீழே எடுத்தார்களாம்.

"மேட்டில சேமக்காலை. மூண்டாவது வரிசை, மரக்குருசு. கிழவி புரட்டஸ்தாந்துக்காரி. எண்டாலும் எங்கட ஆக்கள் கொளுத்துறவை எண்டு ஆரிட்டையோ கேட்டு அறிஞ்சு மெழுகுதிரி கொண்டுவந்து கொளுத்தினவா. நீங்கள் தலையைத் தடவச் சொன்னனீங்கள். நான் மண்ணைத் தடவிப்போட்டு வந்தனான்."

மிச்சத்தையும் சொன்னாய். முல்லைத்தீவில் பஸ்ஸால் இறங்கியவுடன் நீ என்னிடம் வரவில்லை. தாய்மாமன், மூப்பர், அவர் வாயால் சொல்லட்டும் என்று அண்ணனிடம் போனாய். கோயிலில் ஜெசிந்தாவின் கல்யாண ஓலை இரண்டு முறை கூறியாகிவிட்டது. "செத்த வீடு எண்டால் மாப்பிள்ளை பகுதி ஒரு வருசம் தள்ளும். தள்ளினால் குழம்பும். எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிரு. கல்யாணம் முடிய நானே சொல்லுறன்" என்றாராம். அவர் சொல்லியிருப்பார் என்றே நீ மூன்று வருடம் கடலில் திரிந்திருக்கிறாய். எனக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு ஒரு கிழமை ஒளித்திருந்திருக்கிறாய். கோயிலில் அந்தப் பேரைக் கேட்ட பிறகுதான் உனக்கே தெரிந்திருக்கிறது.

அன்று பின்னேரமே பாதரிடம் போய் அன்ரனுக்கு ஆத்துமப் பூசை கேட்டேன். அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "சொன்னால் பெடியன் வரப்போறானோ? மூண்டு வருசம் நீ சந்தோசமாய்த்தானே இருந்தனி."

பெற்றவளுக்குத் தெரியாமல் என் பிள்ளை மூன்று ஆத்துமாக்கள் திருநாள் வெளிச்சம் இல்லாமல் கிடந்திருக்கிறான். பாசை தெரியாத ஒரு கிழவி கொளுத்திய ஒரு மெழுகுதிரிதான் அவனுக்கு. அதைச் சந்தோஷம் என்று ஒரு மூப்பர் சொன்னார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

உன்னோடும் நான் கதைக்கவில்லை. அது என் பிழை. எட்டு மாதம் என் படலையடியில் மீன் வைத்துவிட்டுப் போனாய். எட்டு மாதமும் அதை நாய்க்குப் போட்டேன். ஒரு நாள் வேலிக்கு மேலால், "ஏசுங்கோ அக்கா. ஏசினாலும் அது கதைக்கிறதுதானே" என்றாய். நான் உள்ளே போய்விட்டேன். அடுத்த கிழமை நந்திக்கடலில் வலை வளைக்கப் போன உன்னைச் சுட்டார்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இன்றைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன்னைக் கொண்டுவந்து கிடத்தினபோது முகத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தவள் நான். துடைத்துக்கொண்டு நிறையக் கதைத்தேன். அந்த எட்டு மாதக் கதையும் கதைத்தேன்.

இன்றைக்கு என்னிடம் மிச்சமாக இருப்பது அந்த ஊர்தான். பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்ல முடியாமல் நீ அதற்குள் போய் ஒளித்துக்கொண்டாய். ஆனால் ஊரைப் பற்றி ஒரு பொய்யும் நீ சொல்லவில்லை. விறாந்தையில் சொன்னதையும் மீன் பாயடியில் சொன்னதையும் சேர்த்து அதை நான் கட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸால் இறங்கி, நுங்கில்லாத மரத்தெருவால் போய், கேக் கடையில் திரும்பி, இரும்புப் பாலத்தைப் பார்க்காமல் கடந்து, மேட்டில் ஏறி மூன்றாவது வரிசைக்குப் போக எனக்குத் தெரியும். வவுனியாவுக்கு அப்பால் போகாத கால் இது. ஆனாலும் புளுமெனாவில் வழி தவறமாட்டேன்.

இந்த வருடம் பாஸ்கா முடிந்த கிழமையில் அண்ணனுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கொப்பி இப்போது வேறு ஆளிடம். போன மாதம் ஜெசிந்தா வந்து என் காலடியில் இருந்து அழுதாள். "மாமி, அப்பா உங்களைத்தான் கேக்கிறார். வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போங்கோ." அவள் நல்ல பிள்ளை. தன் கல்யாணத்துக்காக மறைத்தது என்று அவளுக்குத் தெரியாது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். பிறகு பாதர் வந்தார்.

"மன்னிக்காமல் எப்பிடி நன்மை எடுக்கப்போறியள்?" என்று கேட்டார்.

"அப்ப எடுக்கேல்லை பாதர்" என்றேன்.

நேற்றும் பூசையில் எல்லாரும் பாதரிடம் அப்பம் வாங்கி நன்மை எடுக்க எழும்பிப் போனபோது நான் வாங்கிலில் இருந்தேன். எனக்கு அது சின்ன விசயம் இல்லை என்று உனக்குத் தெரியும். ஏழு வயதில் இருந்து விடாமல் எடுத்தவள் நான். இருந்த இடத்தில் இருந்தே ஒவ்வொருவராக மன்னித்து விட்டுக்கொண்டு வந்தேன். அந்த ஆற்றை விட்டேன். உன்னைச் சுட்டவனை, முகம் தெரியாதவனை என்னவென்று பிடித்து வைத்திருக்கிறது, அவனையும் விட்டேன். சிரித்த என்னையும் ஒரு மாதிரி விட்டேன். உன்னை எப்போதோ விட்டாயிற்று. பொய்யைச் சொல்ல நீ பட்ட பாட்டை நான் கண்டவள். ஆனால் அன்ரன் என்று அந்தப் பக்கத்தில் எழுதிய கையையும் நான் பக்கத்தில் நின்று கண்டிருக்கிறேன். மூன்று வருடத்தில் ஒரு தரம்கூட அது நடுங்கவில்லை. அந்தக் கைக்குரியவரைச் செத்தாலும் மன்னிக்கமாட்டேன். அவர் என் கூடப்பிறந்த அண்ணன், சவிரிமுத்து.