வெடிப்பு வேலைக்கு வந்த டேபிள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பழைய மரச்சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் என் மந்தைவெளிப் பட்டறையில் சுவரெல்லாம் ஈரம். பெயிண்ட் காயாத நாள்.

லோடு ஆட்டோவில் ஒரு டிரெஸ்ஸிங் டேபிள் வந்தது. "இன்னாக்கா, எங்க எறக்கறது?" என்றார் டிரைவர். சுவரோரமாகக் கையைக் காட்டினேன். என் டேபிள். கல்யாணமான வருஷம் தி. நகரில் நானே பார்த்து வாங்கியது. மேல்பலகையில் நான் அயர்ன் பாக்ஸ் வைத்துச் சுட்ட கறுப்பு. விவாகரத்தின்போது ரமேஷ் தர மறுத்தது.

கூட வந்தவள் நித்யா. அவனுடைய இப்போதைய மனைவி, ஃபோட்டோவில் பார்த்திருக்கிறேன். வேளச்சேரியில் ஃபிளாட். என்னை யாரென்று தெரியாது போல.

மாமியார் வீட்டுப் பரம்பரைச் சாமானாம். பழைய பங்களாக் கதவு மாதிரி பெயிண்ட் வெடித்து வெடித்து இருக்க வேண்டுமாம். பொய்க்கு மேல் பூச்சு.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படிக் கெடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

நாள் பூரா உப்புத்தாள். தோள்பட்டை வலி. அந்தக் கறுப்பு முழுசாகப் போகவில்லை. அதன் மேலேயே கரும்பழுப்பு அடிப்பூச்சு.

பக்கத்துத் தையல்கடை ஜரீனா அக்கா எட்டிப் பார்த்து, யார் மேல் இவ்வளவு காண்டு என்று கேட்டார். மரத்தின் மேல் என்றேன்.

நித்யாவிடமிருந்து ஃபோன். எப்போது கிடைக்கும்? வெயில் வந்தால். வைத்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

ஒருவழியாக வெயில். வெடிப்பை வரவைக்கும் பசை பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேலே யானைத்தந்த நிறப் பெயிண்ட். ஒரே இழுப்பு. போன இடத்தில் பிரஷ் மறுபடி போனால் வெடிப்பு மூடிக்கொள்ளும். வேண்டுமென்றே இரண்டாம் தரம் இழுத்துக் கெடுப்பதாகத்தான் இருந்தேன். கை கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் விரிய ஆரம்பித்தது. முதலில் முடி மாதிரி கோடுகள். பிறகு பலகை முழுக்க. இத்தனை நன்றாக எந்த வேலையும் எனக்கு வந்ததில்லை. அதுவும் அவன் வீட்டுக்கு. எரிச்சல்.

நவம்பர் 11, செவ்வாய்

வார்னிஷ் காய்ந்துவிட்டது. நித்யா லோடு ஆட்டோவோடு வந்தாள். பொறுக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"இது உங்க மாமியார் டேபிள் இல்ல. என்னோடது."

"தெரியும். உங்களைப் பாக்கணும்னுதான் இங்க கொண்டாந்தேன். இல்லன்னா வேளச்சேரியிலயே ஆள் இருக்கு."

ரமேஷ் என்னைப் பற்றிச் சொன்னது நிஜமா என்று பார்க்கவாம். என்ன சொன்னானாம்? கோபக்காரி, எதையும் உருப்படியாக முடிக்கத் தெரியாதவள்.

வெடிப்பின் மேல் விரலை ஓட்டினாள். நகத்தால் சுரண்டினாள். பெயரவில்லை.

"அவர் சொன்ன ரெண்டுல ஒண்ணு பொய்" என்றாள்.

"பாத்தாச்சுல்ல, எடுத்துட்டுப் போங்க."

டிரைவர் ஒருவரால் தூக்க முடியவில்லை. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. வாசல் குறுகல். எங்கேயும் இடித்துவிடாமல் பார்த்துப் பார்த்து ஏற்றினேன்.