கரி எரிக்கப் போன ஞாயிறுகள்

காலையில் கார் ஷெட்டின் கதவைத் தள்ளியதும் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. எலி வந்து வயரைக் கடித்துவிடும் என்று பானெட்டுக்குள் நீங்கள் துணியில் முடிந்து தொங்கவிட்ட உருண்டைகள். எல்லாம் கரைந்து வெறும் முடிச்சுதான் மிச்சம். வாசம் மட்டும் போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லாமல் செய்தால் எனக்குச் சோறு இறங்காது. இன்று சாயங்காலம் நம் வண்டியைப் பார்க்க வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு டாக்டர் வருகிறார். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்.

கோபப்படாதீர்கள். முதலில் கேளுங்கள்.

அந்த வண்டி வந்த அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. ஜவுளிக்கடையை விற்ற கையோடு கொச்சிக்குப் போய், யாரோ ஏழெட்டு வருடம் ஓட்டிக் கழித்த ஜெர்மன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினீர்கள். தெருவே கூடிவிட்டது. "அண்ணாச்சி, யானையை வாங்கிட்டு வந்துட்டீங்க, தீனிக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றார் எதிர்வீட்டுக்காரர். இந்த மாதிரிக் கார்கள் புதிதாக இருக்கும்வரைதான் ராஜா, பழசானால் மாதம் ஒரு வியாதி என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "பாக்கத்தான போறீரு. எனக்கு முன்னால இது நிக்காது வே" என்றீர்கள். அந்த வாய்க்குச் சர்க்கரை போடவா, சூடு போடவா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குச் செய்த சேவையில் பாதி எனக்குச் செய்திருந்தால் நான் தடித்துப் போயிருப்பேன். கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் தூரத்தில் பாதி ஓடும்போதே எண்ணெய் மாற்றிவிடுவீர்கள். வீணாகச் செலவு எதற்கு என்று கேட்டால், "புக்கு எழுதுனவன் புது வண்டி விக்கிறவன்ட்டி. அவனுக்கு என் இன்ஜின் எத்தனை வருசம் ஓடுனா என்ன?" என்பீர்கள். எண்ணெய் அளக்கும் கம்பியே இந்த வண்டியில் இல்லை, திரையில் காட்டுவதைத்தான் நம்ப வேண்டும் என்று தெரிந்தபோது நீங்கள் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காலையில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கூலன்ட் டப்பாவில் டார்ச் அடித்துப் பார்ப்பீர்கள். எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று என் தங்கையிடம் போனில் சொல்லி அழுததுகூட உண்டு. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

குற்றாலம் விஷயத்தைத்தான் என்னால் மறக்க முடியாது. சாரல் விழ ஆரம்பித்தால் எங்கெங்கிருந்தோ சனம் வந்து குளித்துவிட்டுப் போகிறது. நமக்கு அஞ்சாறு கிலோமீட்டர். ஐந்தருவிக்குப் போவோமா என்று கேட்டால், "அந்தத் தூரத்துல இன்ஜின் சூடே ஆவாதுட்டி. அரைச்சூட்டுல ஓட்டி அரைச்சூட்டுல நிறுத்துனா உள்ள எண்ணெய்யில தண்ணி கோக்கும்" என்று ஒரு பிரசங்கம். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதும் ஒருநாள் மனமிரங்கிக் கிளம்பினீர்கள். நேரே குற்றாலத்துக்கா போனீர்கள்? வாசுதேவநல்லூர்வரை போய், வண்டியை நன்றாகச் சூடாக்கி, திரும்பி வந்து, அப்புறம் ஐந்தருவி! போய்ச் சேர்ந்தபோது அருவியில் தண்ணீர் கூடிவிட்டது என்று போலீஸ் யாரையும் குளிக்க விடவில்லை. மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தோம். வருகிற வழியெல்லாம் நான் திட்டினேன். நீங்களோ, "சத்தம் எவ்வளவு சன்னமா இருக்கு, கேட்டியா?" என்றீர்கள்.

அதற்கப்புறம் வந்ததுதான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். டீசல் கரியெல்லாம் புகைக்குழாயில் ஒரு வடிகட்டியில் போய்ச் சேருமாம். ஊருக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளுமாம். பெரிய ரோட்டில் சீராகக் கொஞ்ச நேரம் ஓட்டினால் அந்தச் சூட்டில் கரி எரிந்து தீருமாம். கல்யாணமான நாளிலிருந்து கடை, கடை என்று கிடந்து, என்னை ஒரு சினிமாவுக்குக் கூட்டிப் போகாத மனுஷர், கரி எரிக்கவென்று ஞாயிறுதோறும் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். கடையநல்லூர், புளியங்குடி தாண்டி ராஜபாளையம்வரை. வழியில் டீ. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான். அதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். தென்காசியிலேயே செய்யலாம் என்றார்கள். நீங்கள் கேட்கவே இல்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரிதான் நல்லது என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். பையன் சென்னையிலிருந்து வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனான். எனக்குத் தெரியாதா உங்களை? ஆலங்குளம் ரோட்டில் போகும்போது ஒருநாள் உண்மையைக் கக்கிவிட்டீர்கள். "பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டி என்னத்துக்கு ஆவும்? இப்பம் பாரு, கரி தங்கவே இல்ல." நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் விடவில்லை. "எனக்கும் அதுக்கும் ஒரே சீக்குதான்ட்டி, வடிகட்டி அடைப்பு. அதுக்கு ரோடு போதும், எனக்கு மிஷினு வேணும்."

அந்த வண்டியை யாரையும் தொடவிடாதவர், கைநடுக்கம் வந்தபின் என்னிடம் கொடுத்தீர்கள். பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் திறக்காமலே, "இன்னும் சூடாவல, மிதிக்காத" என்பீர்கள். கடைசித் தடவை ஒன்றும் சொல்லவில்லை. தூங்குகிறீர்கள் என்று நினைத்து நான் மெதுவாகவே ஓட்டினேன்.

நீங்கள் போனபிறகு நானும் முயற்சி செய்தேன், என்னங்க. ஒரு ஞாயிறு தனியாகக் கிளம்பினேன். கடையநல்லூர் தாண்டவில்லை. கண்ணீரில் ரோடு தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்குப்பின் கோயில், மார்க்கெட், அவ்வளவுதான். நீங்கள் பயந்ததுபோலவே, வடிகட்டியில் கரி அடைத்துவிட்டது என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. வண்டி என் கையில் சாகிறது. "நிக்க நிக்கத்தான்மா அது கெடும். ஓட்டுதவங்க கையில குடுத்துருங்க" என்கிறான் பையன். அதனால்தான் இந்த டாக்டர். வரட்டும், பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

டாக்டர் வந்து போய்விட்டார். நல்ல மனுஷராகத் தெரிகிறார். பெண் கொடுக்கிற வீடு மாதிரி நான்தான் அவரைத் துருவித் துருவிக் கேட்டேன்.

"தெனமும் எம்புட்டு தூரம் ஓட்டுவீங்க?"

"திருநெல்வேலிக்குப் போய்ட்டுப் போய்ட்டு வாரேம்மா. கிளினிக் அங்கனதான்."

விளக்கு எரிவதை மறைக்காமல் சொன்னேன். "சரி, ஓட்டிப் பாத்துருவோம். நீங்களும் வாங்க" என்றார். அவர் கிளப்பியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. சூடாகுமுன் மிதிக்க வேண்டாம், எண்ணெய்க்குப் புத்தகத்தை நம்ப வேண்டாம், எலிக்கு என்ன செய்ய வேண்டும் என்று பாவூர்சத்திரம்வரை நிறுத்தாமல் பேசினேன். "நீங்க மெக்கானிக்காம்மா?" என்று கேட்டார். "இல்லய்யா, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சவ" என்றேன்.

ஆலங்குளத்துக்கு முன்னால் விளக்கு அணைந்தது.

டாக்டர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நான் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, "அணைஞ்சிட்டு, பாத்தீங்களா!" என்றேன். உங்களிடம் சொல்லும் குரலில். ஸ்டியரிங்கில் வேறு யாரோ ஒருவருடைய கை. அவர், "என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஏசியைக் குறைத்தார்.

வாசலில் இறங்கும்போது சாவியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். மற்றதையெல்லாம் பையன் பேசிக்கொள்வான். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிசிறே இல்லை. இனி எந்த வண்டி தெருவில் போனாலும் என் காது அதைத்தான் செய்யும். உங்களோடு இருந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம், என்னைவிட்டுப் போகாது.

உங்கள் வண்டி பிழைத்துவிட்டது, என்னங்க. நாளை ஞாயிறு. விடியுமுன் எனக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து எங்கே போவதென்றுதான் தெரியவில்லை.