கடுக்காய் மை

3-7-1957, பெங்களூர் விடுதி

ரசாயன வகுப்பில் பேராசிரியை கேட்டார், பட்டம் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று. பாதிப் பேர் ஆசிரியை. சிலர் தபால் இலாகா. மற்றவர்கள் தலை குனிந்து சிரித்தார்கள், கல்யாணமாம். என் முறை வந்தது. "மை தயாரிக்கப் போகிறேன்."

"கண் மையா?" என்றது பின் பெஞ்சு. வகுப்பே சிரித்தது.

"எழுதுகிற மை."

4-7-1957

ஏன் அப்படிச் சொன்னேன்? கடுக்காயும் அன்னபேதி உப்பும் கலந்து விளையாட்டாகத்தான் காய்ச்சினேன். பக்கத்து அறைக்காரி காலிப் புட்டியோடு வந்து, "ஜெபசீலி, தீர்ந்துபோச்சு, இன்னும் கொடு" என்று நின்றாளே, அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும்.

28-9-1957, ஓசூர்

விடுமுறை. அப்பாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், கலவை மருந்து அவருக்குப் புதிதல்ல. ஆனாலும், "டீச்சரம்மான்னா ஊரே கும்புடும். மை விக்கறவள யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?" என்றார்.

அம்மா உள்ளே போனாள். இட்டிலிக் குண்டானைக் கொண்டுவந்து வைத்தாள். "இதுல காச்சு. அப்பறம் இதுல இட்டிலி மட்டும் கேக்காதே."

7-10-1957

ஓசூரை அடுத்த பேரிகைப் பள்ளித் தலைமையாசிரியர் கங்கப்பன் முப்பது புட்டி எடுத்துக்கொண்டார்! பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

14-12-1957, பெங்களூர்

கங்கப்பன் சாரிடமிருந்து கார்டு. ஒரே வரி: "மை கெட்டுவிட்டது."

16-12-1957, ஓசூர்

வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பேரிகை போனேன். அவர் புட்டியை என் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"ஏம்மா, இது மையா, குட்டைப் பாசியா? பசங்க பரிட்சை எழுதினு இருக்காங்க. நிப்புல நூல்நூலா வருது."

பூஞ்சை. கார்பாலிக் ஆசிட் நாலு சொட்டு விட்டிருந்தால் வந்திருக்காது. நெடி அடிக்கும் என்று சேர்க்கவில்லை. நான் ரசாயனம் படிக்கிறவளாம்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. பெஞ்சுகளிலிருந்த மைக்கூடுகளை எல்லாம் கழற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவ உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தாறு.

அவர் வந்து நின்று பார்த்தார். "பட்டணத்து மை கெட்டுப்போனா எவன் வந்து கழுவறான்?" என்றார். பிறகு, "சரி பண்ணி எடுத்துனு வா. பாப்பம்."

17-12-1957

இரண்டு கையும் ஒரே கறுப்பு. சோற்றைக் கரண்டியால் தின்றேன்.

20-2-1958, பெங்களூர்

கார்பாலிக் விட்டு எட்டு வாரம் மூடி வைத்த புட்டியைத் திறந்தேன். பூஞ்சை இல்லை. இல்லவே இல்லை!

30-5-1958, ஓசூர்

கடைசிப் பரிட்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா யார் யாரையோ பார்த்து, கிருஷ்ணகிரிப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை வாங்கிவிட்டார். ஜூன் ஒன்பதில் சேர வேண்டும். கடிதத்தை நீட்டியபோது அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்.

"வேண்டாம்ப்பா" என்றேன்.

"ஒரு தடவ அசிங்கப்பட்டது போதாதா?"

"அசிங்கந்தாம்ப்பா. ஆனா அன்னிக்கி மைக்கூடு கழுவறப்பத்தான், இத வுட முடியாதுன்னு தெரிஞ்சுது."

அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அவர் சொல்வதுதான் சரியென்றால்? 

9-6-1958

பள்ளிகள் திறந்துவிட்டன. பேரிகைக்கு அறுபது புட்டி. பெட்டியைத் தூக்க முடியாமல் வாசலில் நின்றேன். அப்பா சைக்கிளைக் கொண்டுவந்து, பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டினார். பஸ் நிலையம் வரை தள்ளிக்கொண்டே வந்தார். நான் பின்னால் நடந்தேன்.

கண்டக்டர் பெட்டியைத் தூக்கினார். அப்பா, அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சாய்க்காம வைப்பா. எம் மக காச்சின மை."