அப்பாவின் தோள், அம்மாவின் காபி

மார்ச் 4

கண்ணம்மா,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இங்கே அப்பாவுக்குத் தோளில் ஊசி போட்டாயிற்று. அவர் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, அதில் தேவையானதை மட்டும் பிரித்துக் கிழிந்த தசைநாரில் ஏற்றினார்கள். "கொஞ்ச நாள் வலி உயிரை வாங்கும். ஆனா வலி மாத்திரை மட்டும் தொடக் கூடாது. அந்த வீக்கத்தாலதான் உள்ளே ஆறும்" என்றார் டாக்டர். முதல் நாள் துடித்துப்போனார். மறுநாளிலிருந்து வலியே இல்லையடி! "என் ரத்தம்னா சும்மாவா?" என்று ஒரே பீற்றல். செப்டம்பரில் கம்பெனியில் தோள் சோதனை. தேறினால் மறுபடியும் பஸ் ஓட்டலாம். இல்லாவிட்டால் டிப்போ வாசலில் நாற்காலிதான். அந்த மனுஷர் அதைத் தாங்கமாட்டார்.

அம்மா

மார்ச் 15

அன்பு அம்மா,

படித்ததும் தூக்கிவாரிப்போட்டது. இதே ஊசி போட்டவர்களுக்குத்தான் நான் தினமும் உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். ஒரே நாளில் வலி போனவரைப் பார்த்ததே இல்லை. அப்பா திருட்டுத்தனமாக ஏதாவது விழுங்குகிறாரா? வலி மாத்திரை சாப்பிட்டால் ஊசியே வீணாகப் போகலாம். உடனே கேட்டு எழுது.

உன் மகள்

மார்ச் 27

கண்ணம்மா,

அவர் ஒன்றும் விழுங்கவில்லை. நான்தான் என் முழங்கால் மாத்திரையைப் பொடித்து அவர் காபியில் கலந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை நீ பார்க்கவில்லை. மாத்திரை இல்லாமல் நான் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். உன் கடிதம் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிறுத்திவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிடாதே.

அம்மா

ஏப்ரல் 6

அம்மா,

என்ன காரியம் செய்துவிட்டாய்! இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவிடமும்தான். நான் சொன்னால் கோள் மூட்டியதாகிவிடும். நீயே சொல்.

மகள்

செப்டம்பர் 19

கண்ணம்மா,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சொல்லத் தைரியம் வரவில்லை. சோதனையில் அப்பாவின் கை தோளுக்கு மேல் எழவில்லை. அதற்கப்புறம்தான் டாக்டர் அறையில் அவர் முன்னாலேயே சொன்னேன். "மாத்திரையாலதான்னு சொல்ல முடியாதும்மா. சிலருக்கு இந்த ஊசி கேக்கறதே இல்ல" என்றார் டாக்டர். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுப் படியில்தான் வாய் திறந்தார். "அப்போ உன் முழங்காலுக்கு என்ன பண்ணே?"

மறுநாளிலிருந்து ஒற்றைக் கையால் அவரே காபி போடுகிறார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் சமையலறைக்குள் போகக் கூடாது. அதற்கப்புறம் போனால், என் கப்பையும் மூடி வைத்திருக்கிறார். பக்கத்தில் என் மாத்திரை, முழுசாக.

அம்மா